குளிரில் அடிபட்டு வந்த செடி: மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூரியரில் வந்த செடியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது இலைகள் துவண்டு, ஆங்காங்கே நீர் ஊறியதுபோல் கண்ணாடித்தன்மையுடன் கருத்துக் காணப்பட்டால், வழியில் அது குளிரில் அடிபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த இலைகளுக்கு நேர்ந்த சேதம் நேர்ந்ததுதான். அதை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. காப்பாற்றக்கூடியவை தண்டு, வேர், மொட்டுகள் ஆகியவையே. அவற்றையும் பலர் இழப்பதற்குக் காரணம், செடி வந்து சேர்ந்த முதல் சில நாட்களில் பதற்றத்தில் செய்யும் அதிகப்படியான பணிவிடைதான் என்பது என் எண்ணம்.

உறைநிலைக்குக் கீழே போனால்தான் செடி பாதிக்கப்படும் என்று நினைப்பது பரவலான தவறு. வீட்டுக்குள் வளர்க்கப்படும் செடிகளில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்தவை. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில மணி நேரம் இருந்தாலே அவற்றில் பல அடிபடும். அக்லோனிமாவின் சில வகைகள் 12, 13 டிகிரியையே தாங்குவதில்லை. இந்த அளவுக் குளிரில் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்புப் பொருள்கள் இறுகிவிடுவதால் சவ்வு கசியத் தொடங்கி, உள்ளிருக்கும் நீரும் உப்புகளும் வெளியேறுகின்றன. நீர் ஊறியதுபோல் தெரியும் திட்டுகள் அப்படி உண்டாகின்றவையே. வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் ஆகலாம். ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் இலைகளில் குளிரால் விழும் குழிகள் பல வாரங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டுவதுண்டு. ஆகையால், வந்த அன்று பச்சையாக இருந்த இலை மூன்றாம் நாள் கருத்தால், வைத்த இடம் சரியில்லை என்று முடிவுகட்டிச் செடியை அறைக்கு அறை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பெட்டியைத் திறந்த உடனேயே இலையின் இருபுறமும் தண்டும் தெளிவாகத் தெரியும்படி புகைப்படம் எடுத்து வைப்பது, பின்னர் விற்பனையாளரிடம் முறையிடவும் உதவும்.

துவண்ட செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவதுதான் மிகப் பெரிய தவறு. மண் குளிர்ந்திருக்கும்போது வேரின் உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுவதால், தொட்டியில் போதிய ஈரம் இருந்தும் இலைகளுக்கு நீர் ஏறுவதில்லை. வறட்சியில் வாடிய செடியும் குளிரில் துவண்ட செடியும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதன் காரணம் இதுவே. அந்த நிலையில் மேலும் தண்ணீர் சேர்ந்தால் மண்ணிலுள்ள காற்றிடைவெளிகள் அடைபட்டு, ஏற்கெனவே சோர்ந்திருக்கும் வேர் அழுகத் தொடங்கும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தொட்டியைக் கையில் தூக்கி எடையையும் பாருங்கள். மண் குளிர்ந்து ஈரமாக இருந்தால் அது அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருப்பதே நல்லது. உண்மையிலேயே காய்ந்திருந்தால் மட்டும், அறை வெப்பத்திலுள்ள தண்ணீரை மண்ணில் மிதமாக ஊற்றலாம். குழாயிலிருந்து பிடித்த சில்லென்ற தண்ணீர் கூடாது: ஆப்பிரிக்கன் வயலெட்டின் இலையில், இலையை விட நன்கு குளிர்ந்த நீர் பட்டாலே வளையம் வளையமாகத் தழும்பு விழுந்துவிடும்.

குளிர்ந்து வந்ததைச் சூடேற்ற வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஹீட்டருக்கு முன்னால் வைப்பதும், ஹேர் டிரையரால் வெப்பக் காற்று அடிப்பதும் இலையிலிருந்து நீர் ஆவியாவதை விரைவுபடுத்துகின்றன. வேரோ அதை ஈடுசெய்யும் நிலையில் இருக்காது. 18 முதல் 24 டிகிரி வரையுள்ள, காற்று நேராக வீசாத அறையில் செடி தானாக இயல்புநிலைக்கு வரட்டும். வெயிலில் வைப்பது இன்னும் மோசம். குளிரில் ஒளிச்சேர்க்கை மந்தமாகிவிட, இலை வாங்கும் ஒளி பயன்படாமல் மிஞ்சி, இலைத் திசுக்களையே சிதைக்கும். முதல் இரண்டு வாரங்களுக்கு மறைமுக வெளிச்சமே போதும்.

அடுத்தது கத்தரிக்கோல். பாதி கருத்து, பாதி பச்சையாக இருக்கும் இலை அழகாக இராது. ஆயினும் அந்தப் பச்சைப் பகுதி செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டிருக்கிறது. இறந்த திசு உலர்ந்து, உயிருள்ள பகுதிக்கும் அதற்கும் இடையே தெளிவான எல்லை தெரியும்வரை பொறுத்திருந்து, பிறகு வெட்டலாம். தொட்டால் கூழாக நசுங்குகிற, நீர் வடிகிற பகுதிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவற்றில் சாம்பல் பூஞ்சணமும் அழுகலும் எளிதில் பற்றுமாதலால், ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரிக்கோலைக் கொண்டு உடனே நீக்கிவிட வேண்டும். இதே காரணத்தால், ஈரப்பதம் கூட்டுகிறேன் என்று அடிபட்ட செடியைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைப்பதும் ஆபத்தே.

உரமும் வேண்டாம், தொட்டி மாற்றமும் வேண்டாம். புதிய இலை ஒன்று விரியத் தொடங்கும்வரை இரண்டையும் தள்ளிப் போடுங்கள். மண்ணிலிருந்து அழுகல் வாடை வந்து, வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தால் மட்டும், கெட்டவற்றை வெட்டிவிட்டு நன்கு நீர் வடியும் புதிய கலவைக்கு மாற்றலாம்.

எல்லா இலைகளும் உதிர்ந்துவிட்டன என்பதற்காகச் செடியைத் தூக்கி எறிவது கடைசித் தவறு; இதுவே மிகவும் வருந்தத்தக்கதும்கூட. தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. டிஃபன்பாக்கியாவின் மேல்தண்டு முழுவதும் குழைந்து போனாலும், உறுதியான பகுதிவரை வெட்டிவிட்டால் கீழ்க்கணுக்களிலிருந்து துளிர்க்கக்கூடும். கலாத்தியாவும் ஸீஸீ செடியும் மண்ணுக்கடியிலுள்ள கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை மீண்டு வரும் வாய்ப்புடையவை. அதற்கு ஒன்றிரண்டு மாதங்கள்கூட ஆகலாம். ஒற்றைத் தண்டுடைய பனை வகைகளின் நிலை வேறு. அவற்றுக்கு வளர்நுனி ஒன்றே ஒன்றுதான் என்பதால், நடுக்குருத்தை மெல்ல இழுத்தவுடன் அது அடி அழுகிக் கையோடு வந்துவிட்டால் செடி பிழைப்பது அரிது. கொத்தாகப் பல தண்டுகள் விடும் அரேக்கா போன்ற பனைகளில் அப்படி ஒரு தண்டு போனாலும் அதை மட்டும் அகற்றிவிட்டு மற்றவற்றை வளர்க்கலாம்.