கிட்லிங்டனில் குடியேறுகிறவர்களுக்கு

வேலை ஆக்ஸ்ஃபர்டில், வாடகை வீடு கிட்லிங்டனில் என்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுக்கு வடக்கே இருக்கும் இது ஒரு கிராமம். 2011 கணக்கெடுப்பில் 13,723 பேர். கடைத்தெரு, பக்கத்திலேயே விமான நிலையம், தேம்ஸ் வேலி காவல்துறையின் தலைமையகம் எல்லாம் உண்டு. இருந்தாலும் பழைய குடியிருப்பாளர் ஒருவரிடம் 'இந்த டவுன்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார். 1987இல் நகரமாகலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று வாக்களித்த ஊர் இது. கவுன்சில் வரி ரசீதில் கிராம மன்றத்துக்கென்று தனி வரி இருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

பஸ் ஓடும் பெரிய சாலையை மட்டும் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் தெருவுக்கு நடந்து போங்கள். 'மாதாவின் ஊசி' என்று அழைக்கப்படும் கூர்மையான கோபுரத்துடன் புனித மேரி ஆலயமும், நீதிபதி சர் வில்லியம் மோர்டன் 1671இல் ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய வீடுகளும் அங்கே இருக்கின்றன. பழைய ஊர் அதுதான். ஒருகாலத்தில் 'பசும்புல்வெளிக் கிட்லிங்டன்' என்றே இந்த ஊருக்குப் பெயர். ஊர்ப்பொதுவான அந்தப் பெரிய மேய்ச்சல் நிலம் 1818இல் வேலியிடப்பட்டுத் தனியார் கைக்குப் போனது. ஆக்ஸ்ஃபர்ட் வளர வளர இங்கே வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. நீங்கள் குடியேறப்போவதும் பெரும்பாலும் அந்த வரிசைகளில் ஒன்றில்தான்.

அந்தச் சாதாரண வீடுகளுக்கும் ஒரு கதை உண்டு. 2016இல் சீனச் சுற்றுலாப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, தோட்டங்களையும் வாசல்களையும் படமெடுத்தார்கள். ஊரே குழம்பியது. பக்கத்தில் இருக்கும் புகழ்பெற்ற பிளெனிம் மாளிகையைப் பார்க்க வழிகாட்டிக்குக் கூடுதல் பணம் தர மறுத்தவர்களை, தாங்களாகவே மாளிகைக்குப் போய்விடாமலிருக்க, இங்கே இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டாரிடம் பேச்சைத் தொடங்க, வானிலையைவிட நல்ல விஷயம் இது.

லண்டனுக்குப் போக வேண்டுமென்றால் ரயில் பட்டியலில் கிட்லிங்டனைத் தேட வேண்டாம். அந்த நிலையம் 1964இலேயே மூடப்பட்டுவிட்டது. ஊருக்குத் தெற்கே 2015இல் திறந்த ஆக்ஸ்ஃபர்ட் பார்க்வே நிலையத்திலிருந்து லண்டனின் மேரிலபோன் நிலையத்துக்கு நேராகப் போகலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது ஆக்ஸ்ஃபர்ட் பார்க்வே என்று கேளுங்கள்.