செயற்கைக்கோள் பார்க்கக் கிளம்புமுன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன வாரம் காரைக்குடியில் எங்கள் மொட்டைமாடிக்கு வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், பைனாகுலரும் கையுமாக இந்தியாவின் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டை உச்சி வானில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கழுத்து வலிக்க நின்றேன். மேகம், பேட்டரி, கொசு இதெல்லாம் பட்டால் தானே புரியும். அதை விட்டுவிடுகிறேன்.

உச்சியில் தேடுவது

2015 செப்டம்பர் 28-ல் ஏவிய அஸ்ட்ரோசாட், சுமார் 650 கி.மீ. உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 பாகை சாய்வில் சுற்றுகிறது. தென் அட்லாண்டிக்கின் மேலுள்ள கதிர்வீச்சுப் பகுதியில் கருவிகள் அதிகம் சிக்காதிருக்க இந்த ஏற்பாடு. காரைக்குடி 10 பாகை வடக்கே இருப்பதால் நமக்கு அது எப்போதும் தெற்கு வானம்தான். நன்றாக ஏறினாலும் 50 பாகையைச் சற்றே தாண்டும். ஹபிள் விண்தொலைநோக்கி அப்படியில்லை. அதன் சாய்வு 28.5 பாகை, நம் தலைக்கு மேலேயே போகும்.

நடுநிசியில் தேடுவது

செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் இருக்கும், வெயில் படாமல் தெரியாது. தூங்குங்கள்.

யு.டி.சி. நேரம்

இது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

பழைய டி.எல்.இ. (செயற்கைக்கோளின் பாதையைச் சொல்லும் இரண்டு வரி எண்கள்)

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 2024 மே மாதம், ஹபிள் நிலாவைக் கடக்கும் காட்சியைப் படமெடுக்க வாடகை லென்ஸோடு மச்சானையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தூர் பக்கம் போனேன். அது கடந்து முடிய ஒரு நொடிகூட ஆகாது. அது தெரியும் நிலப் பட்டையும் சில கி.மீ. அகலம்தான். செயலி நொடியின் நூறில் ஒரு பங்கு வரை நேரம் சொன்னது. அதை நம்பினேன்.

அது கணக்குப் போட்டது மூன்று வாரம் முந்தைய டி.எல்.இ.யை வைத்து. இடையில் 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல். மேல் வளிமண்டலம் சூடாகி விரிந்தால் உராய்வு கூடும். உராய்ந்தால் செயற்கைக்கோள் தாமதமாகும் என்றுதான் தோன்றும், நடப்பது நேர்மாறு. கீழே இறங்கி, சுற்றும் காலம் குறைந்து, முந்திக்கொண்டு வரும். நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் பத்து நொடி முந்தினால் 75 கி.மீ.! நான் ஷட்டரை அழுத்துமுன்பே அது போயிருக்கும்.

மொட்டைமாடியைத் தந்த ஆச்சி காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: “நிலாவ ஒங்க வீட்டுலருந்தே பாக்கலாமே தம்பி?” மச்சான் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

டி.எல்.இ.யின் முதல் வரியில் அதன் தேதி இருக்கும். 25271.5 என்றால் 2025-ன் 271-வது நாள், அதாவது செப்டம்பர் 28, யு.டி.சி.படி நண்பகல். கிளம்பும் நாளன்று புதிதாக இறக்குங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் செயலி சத்தமில்லாமல் பழையதையே எடுத்துக்கொள்ளும், எச்சரிக்காது.

ஃபோகஸ்

நிலாவில் வைத்து முடித்ததும் லென்ஸைத் தொடாதீர்கள். பையன்கள் தொட்டார்கள்.