மாலத்தீவிலிருந்து வேலூர் வரை: கிளம்பும் நாள் கணக்கு

போகும் நாளுக்கு ஒரு மாதம் திட்டம் போடுகிறோம். திரும்பும் நாளுக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. ஆனால் மாலத்தீவுப் பயணத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் திரும்பும் நாளில்தான். ரிசார்ட்காரர்கள் காலை 11 அல்லது பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். விமானம் மாலையிலோ இரவிலோ இருக்கும். நடுவில் கடல் இருக்கிறது. சென்னையில் இறங்கிய பிறகும் வேலூருக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் மிச்சம். எனவே இந்த நாளை வீட்டு வாசலில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே எண்ணிவிட்டால் இன்னும் நல்லது.

மூன்று கடிகாரம்

மாலத்தீவின் தலைநகர் மாலே. அங்கே நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். நமக்கு 12 என்றால் அங்கே 11.30. இது போதாதென்று பல ரிசார்ட்டுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் தங்களுக்கென ஒரு தீவு நேரம் வைத்திருக்கின்றன. மாலையில் விருந்தினருக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதற்காக. அந்தத் தீவுகளில் மாலே 11.30 என்றால் வரவேற்பறைக் கடிகாரம் 12.30 காட்டும், நீங்கள் மாற்றாமல் விட்ட கைக்கடிகாரம் 12.00 காட்டும், தானாகச் சரிசெய்துகொள்ளும் செல்போன் மாலே நேரத்தைக் காட்டும். ஒரே நொடிக்கு மூன்று நேரம். விமான டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம் எப்போதும் மாலே நேரம். ரிசார்ட் தரும் சீட்டில் "படகு 11 மணி" என்று இருந்தால், எந்த 11 என்று கேட்டு, பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஓர் உதாரணம். மாலேயிலிருந்து விமானம் மாலே நேரம் 16.00. செக்-இன் கவுண்டர் பொதுவாக மூன்று மணி நேரம் முன்னால், 13.00க்குத் திறக்கும். சீபிளேன் (தண்ணீரில் இறங்கி ஏறும் சிறு விமானம்) பயணம் 45 நிமிடம், இறங்கிய பிறகு முனையம் மாறுவதற்கு அரை மணி, தாமதத்துக்கு ஒரு மணி என்று வைத்தால், தீவுப் படகுத்துறையில் மாலே நேரம் 10.45க்கு நிற்க வேண்டும். தீவுக் கடிகாரத்தில் அது 11.45. லக்கேஜை அறை வாசலில் வைக்க வேண்டியது தீவு நேரம் 10.30 வாக்கில். இந்தப் பக்கம் பார்த்தால், ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பறப்பு, அரை மணி நேர வித்தியாசம், ஆக இந்திய நேரம் 18.30 சுமாருக்குச் சென்னை. குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது எல்லாம் முடிந்து 19.30. வேலூர் வீட்டில் இரவு 10.30. நல்ல கணக்கு. விமானம் இரவு 9 மணிக்கு என்றால் இதே கணக்கில் வீடு சேர விடிகாலை மூன்றரை ஆகும். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

கடலைத் தாண்டுவது

சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத் தண்ணீரில் இறக்குவதால் இருட்டினால் வேலை நின்றுவிடும். இதனால் இரண்டு விதத்தில் சிக்கல் வருகிறது. இரவு விமானம் என்றால் மாலைக்குள்ளேயே மாலேவில் இறக்கிவிடுவார்கள். மிச்சம் முழுக்கக் காத்திருப்பு. காலை 9 மணிக்கு முன் விமானம் என்றால் அன்று கிளம்பும் சீபிளேன் பெரும்பாலும் உதவாது. முந்தின இரவே மாலேவிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேவிலோ தங்க வேண்டிவரும். மலிவாகக் கிடைத்த விடிகாலை டிக்கெட்டின் லாபம் அந்த ஒரு ராத்திரி வாடகையில் போய்விடும்.

சீபிளேன் நேரம் உங்கள் விருப்பம் அல்ல. அன்றைக்கு யார் யார் எந்தத் தீவில் ஏறுகிறார்கள் என்று பார்த்து, முந்தின நாள் மாலையில்தான் சொல்வார்கள். டவுன் பஸ் மாதிரி வழியில் இன்னொரு தீவில் நின்று ஆள் ஏற்றுவதும் உண்டு. உள்ளே கழிப்பறை கிடையாது. குழந்தைகளைக் கிளம்பும் முன் அழைத்துப் போய்விடுங்கள். லக்கேஜ் வழக்கமாக ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. எடை கூடினால் கிலோ கணக்கில் பணம். சில நேரம் பெட்டி அடுத்த சீபிளேனில் வரும். திரும்பும் நாளில் அது தாங்காது.

ஸ்பீட்போட் இரவிலும் ஓடும் என்பதால் நிம்மதி அதிகம். ஆனால் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் படகு தூக்கிப் போடும். பின்வரிசையில் உட்காருங்கள், முன்பக்கம்தான் அதிகம் குதிக்கும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ரிசார்ட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் ஆள் என்றால் படகிலும் வரும். அவோமின் போன்ற மாத்திரை பழக்கமிருந்தால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் ஆரம்பித்த பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு.

மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லத்தில் தங்கியவர்களுக்கு, விமான நிலையத்துக்கு ஸ்பீட்போட் அரை மணி முதல் முக்கால் மணிப் பயணம். முந்தின நாளே இடம் பிடியுங்கள். மலிவான அரசுப் படகு வெள்ளிக்கிழமை ஓடாது. அதை நம்பி விமானத்துக்குக் கிளம்பாதீர்கள்.

முந்தின நாள்: உண்மையான வேலை இங்கேதான்

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்கவும். ஒரே ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கினால் குறைந்தது 18 மணி நேரமும் பறக்கக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே போய்க் காற்றழுத்தம் குறையும்போது குமிழாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். சீபிளேனும் பறப்புதான், சென்னை விமானத்திலிருந்து எண்ணி ஏமாறக் கூடாது. மூச்சுக்குழாயோடு தண்ணீரின் மேற்பரப்பில் நீந்தும் ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்தது இமுகா. மாலத்தீவுக் குடியேற்றத் துறையின் பயணி அறிவிப்புப் படிவம். வரும்போது நிரப்பியதோடு முடியவில்லை. புறப்படுவதற்கும் தனியாக நிரப்ப வேண்டும், விமான நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள். கட்டணம் இல்லை. பணம் கேட்டால் நீங்கள் நிற்பது போலித் தளத்தில். ரிசார்ட் வைஃபை இருக்கும்போதே முடித்து, வரும் க்யூஆர் படத்தைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் செல்போனில் சேமித்து வையுங்கள்.

பில்லைக் கிளம்பும் காலையில் பார்க்காதீர்கள். எல்லோரும் ஒரே படகுக்கு வரிசையில் நிற்கும்போது தவறைச் சுட்டிக்காட்ட நேரம் இருக்காது. முந்தின இரவு அச்செடுத்து வாங்கி, குளிர்பெட்டியில் எடுத்தவை, படகுச் சுற்றுலா, விமான நிலையப் போக்குவரத்து என வரி வரியாகப் பாருங்கள். விலைப்பட்டியலில் "பிளஸ் பிளஸ்" என்றிருந்தால் அதற்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகை மீது சுற்றுலா ஜிஎஸ்டியும் ஏறும். 2025 ஜூலை முதல் அந்த வரி 17 சதவீதம். 100 டாலர் என்று போட்ட சாப்பாடு 110 ஆகி, வரியோடு 128 டாலர் 70 சென்ட் ஆகிறது. ரிசார்ட்டுகளில் பசுமை வரி 2025 ஜனவரி முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். பெரும்பாலும் பேக்கேஜ் தொகையிலேயே சேர்ந்திருக்கும், இரண்டு முறை போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கார்டு இயந்திரம் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரைத் தொடுங்கள். ரூபாய் என்றால் அந்த இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதம், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்து, வரம்பையும் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கையில் மிஞ்சிய மாலத்தீவு நாணயமான ருஃபியாவை அங்கேயே செலவழித்துவிடுங்கள். வேலூர் காந்தி ரோடு முழுக்கச் சுற்றினாலும் அதை மாற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

பெட்டி கட்டுவதில் பெரிய எதிரி ஈரத்துணி. நான்கு பேரின் ஈர நீச்சல் உடையும் துண்டும் சேர்ந்தால் 20 கிலோவை மீறிவிடும், வாடையும் வரும். கடைசிக் கடல் குளியலை முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் முடித்து, நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, மின்விசிறிக்கு அடியில் போடுங்கள். உப்புத் தண்ணீரோடு காயவைத்த துணி முழுசாகக் காயாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும். சிப்பி, பவளத்துண்டு, பாட்டிலில் கொஞ்சம் வெள்ளை மணல், இவை எதையும் பெட்டியில் போடாதீர்கள். பவளம், ஆமை ஓடு முதலியவற்றை வெளியே கொண்டுபோகச் சட்டத் தடை உண்டு. ஸ்கேனரில் தெரியும், பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பிள்ளைகளின் டவுசர் பையையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். ரிஹாக்குரு என்ற மீன் குழம்பு விழுது வாங்கியிருந்தால் இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பெரிய பெட்டியில் போடவும். கைப்பையில் விடமாட்டார்கள், ஒழுகினாலோ அந்தப் பெட்டியை அடுத்த ஆடிக்கிருத்திகை வரை மோந்துகொண்டிருக்கலாம்.

அறையைக் கொடுத்த பிறகு

தாமதமாகக் காலி செய்ய முடியுமா என்று முந்தின நாள் கேளுங்கள். அறைக்கு அடுத்த ஆள் இல்லையென்றால் ஒன்றிரண்டு மணி நேரம் சும்மாவே கிடைக்கும். இல்லாவிட்டாலும் பல ரிசார்ட்டுகளில் கிளம்புகிறவர்களுக்கென்று குளியலறையோடு ஒரு பொது அறை வைத்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். குளம், கடற்கரை, உணவகம் பொதுவாகத் திறந்தே இருக்கும். ஆனால் எல்லாம் அடங்கிய பேக்கேஜ் பல இடங்களில் அறையைக் காலி செய்யும் நேரத்தோடு முடிகிறது. 12 மணிக்கு அறை, 1 மணிக்குச் சாப்பாடு என்றால் அந்தச் சாப்பாட்டுக்குத் தனிப் பில் வரலாம்.

விடிகாலைப் படகு என்றால் காலை உணவைப் பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் கலந்தது வந்து நிற்கக்கூடும். மாலத்தீவுச் சமையலில் சூரை மீன் எதில் வேண்டுமானாலும் நுழையும். மீன், முட்டை, இறைச்சி மூன்றும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

மாலேவில் காத்திருப்பு

வேலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. சீபிளேன் முனையம் வேறு, பன்னாட்டு முனையம் வேறு; இடையில் வண்டியில்தான் போக வேண்டும். புதிய பன்னாட்டு முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு எடுத்த வீடியோக்களைப் பார்த்து "இந்தக் கதவில் நுழைந்து வலதுபக்கம்" என்று மனப்பாடம் செய்திருந்தால் மறந்துவிடுங்கள். பல ரிசார்ட்டுகளுக்குச் சீபிளேன் முனையத்தில் சொந்த லவுஞ்ச் உண்டு. தேநீர், சிற்றுண்டி, வைஃபை எல்லாம் அங்கே கிடைக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்வரை அங்கேயே உட்காருங்கள். முன்னாடியே போனால் கவுண்டர் திறக்காமல் பெட்டியோடு நிற்பீர்கள்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வெளியே போவது நல்லது. பெட்டியை விமான நிலைய லக்கேஜ் அறையில் கொடுத்துவிட்டு, ஹுல்ஹுமாலேவுக்குப் பேருந்திலோ டாக்ஸியிலோ போகலாம். அங்கே சில மணி நேரத்துக்கு அறை தரும் ஓட்டல்கள் இருக்கின்றன. குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு அந்தச் செலவு வீண் இல்லை. மாலே நகரம் 2018இல் திறந்த சினமாலே பாலத்துக்கு அந்தப் பக்கம். 1658இல் பவளக்கல்லில் செதுக்கிக் கட்டிய ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசல், மீன் சந்தை இரண்டும் நடந்தே பார்க்கும் தூரம். இவை ரிசார்ட் தீவுகள் அல்ல. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், மது கிடையாது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும்.

புறப்பாட்டு வரிக்கென்று தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டாம், டிக்கெட்டிலேயே பிடித்துவிடுவார்கள். டூட்டி ஃப்ரீயில் மது வாங்குகிறவர்களுக்கு இந்தியாவில் ஆளுக்கு 2 லிட்டர் வரை அனுமதி. கொச்சி, பெங்களூரு வழியாக உள்நாட்டு விமானம் மாறி வருகிறவர்கள், முதல் இந்திய நிலையத்தில் சுங்கம் தாண்டியதும் பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் மாற்றிவிட வேண்டும். கையில் வைத்திருந்தால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து வேலூர்

இரவு எட்டுக்குள் வெளியே வந்தால் ரயில் கணக்கில் வரும். விமான நிலைய மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரல். பெங்களூரு, கோவை, கேரளா போகும் இரவு ரயில்கள் காட்பாடியில் நிற்கும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விமானம் தாமதமானால் டிக்கெட் போய்விடும் என்பதால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். இரவு 11க்குப் பிறகு விடியும்வரை ரயில்கள் சொற்பம்.

அதற்கு மேல் கார்தான். வேலூரிலிருந்து வண்டி வரவழைக்கிறீர்கள் என்றால் ஓட்டுநரிடம் விமான எண்ணைக் கொடுங்கள். இறங்கும் நேரத்தை அவரே செல்போனில் பார்த்துக்கொள்வார். வண்டியை ஏற்றுமிடத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள், பெட்டி கைக்கு வந்த பிறகு அழைத்தால் போதும். பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை வழியில் ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் ஓடும். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று பகல் முழுக்க வண்டி ஓட்டிய ஆளை விடிகாலை ஒரு மணிக்கு மறுபடி ஓட்டச் சொல்வது ஆபத்து. பதிவு செய்யும்போதே வேறு ஓட்டுநரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் மீனம்பாக்கம் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக் காலையில் கிளம்புங்கள்.

வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்கள் பெங்களூரு டிக்கெட்டையும் சேர்த்துப் பார்க்கலாம். வேலூர்க்காரர்களுக்கு அது ஒத்துவராது: அந்த விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, வீட்டுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் மிச்சமாகும் இரண்டாயிரம் ரூபாய் டாக்ஸிக்கே போதாது.