மாக்சா புகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலிகைக் குச்சியைக் கனலவைத்து உடம்புக்கு அருகே சூடு காட்டும் சிகிச்சைதான் மாக்சா. அதில் கொப்புளம் வராமல் பார்த்துக்கொள்வதும் சாம்பலை நேரத்துக்குத் தட்டிவிடுவதும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களின் அறைக்குள் நுழைந்தாலே எனக்கு எரிச்சல் வருவது புகை விஷயத்தில்தான்.

புகையில்லாக் குச்சிதானே என்று ஜன்னலைச் சாத்துவது

இதைத்தான் என்னால் பொறுக்கவே முடிவதில்லை. மாசிபத்திரி இனத்து மூலிகையின் பஞ்சை உருட்டினால் சாதாரண மாக்சா குச்சி. அதைக் கரியாக்கி அழுத்தினால் புகையில்லாக் குச்சி. கண்ணை எரிக்கும் புகை குறையும், சரி. ஆனால் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரத்தான் செய்யும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு புது கிளினிக்கில் சின்ன அறைக்குள் மூன்று கட்டில். ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி ஏசி ஓடுகிறது. படுத்திருந்த அம்மா தலை பாரமாக இருக்கிறது, குமட்டுகிறது என்றார். "கழிவு வெளியேறுதும்மா, நல்ல அறிகுறிதான்" என்றார் சிகிச்சை கொடுத்த தம்பி. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று என்னிடம் காட்டவும் செய்தார். நான் கதவைத் திறந்து அந்த அம்மாவை வெளியே உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார்.

மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் சாதாரண ஆக்சிமீட்டர் பிரித்தறியாது. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிவிடும். ஏர் பியூரிஃபையரின் ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும், இந்த வாயுவை விட்டுவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழி, கார்பன் மோனாக்சைடு அலாரம் மூன்றும் இல்லாமல் குச்சியைப் பற்றவைக்காதீர்கள். தலைவலி என்று ஒருவர் சொன்னால் முதலில் ஆளை வெளியே கொண்டுபோங்கள். தெளியவில்லையா, உடனே ஆஸ்பத்திரிக்கு.

மூலிகைப் புகை நல்லது என்று மூச்சை இழுப்பது

எந்த இலை எரிந்தாலும் நுண்துகள் வரும். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மூடிய மாக்சா அறை அதை எளிதில் தாண்டிவிடும். சிகிச்சைக்கு வந்தவர் முடிந்ததும் போய்விடுவார், நாள் முழுக்கச் சுவாசிப்பது நீங்கள். சீனாவில் பல மருத்துவமனைகளில் கட்டிலுக்கு மேலேயே புகை உறிஞ்சும் குழாய் தொங்குவது இதனால்தான்.

ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் பற்றவைப்பது

கேளுங்கள். உண்டு என்றால் புகை வேண்டாம்.

வாடையை மறைக்க ஊதுபத்தி

புகைக்கு மேல் புகை.

அணைந்துவிட்டது என்று குப்பையில் போடுவது

மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கனல் இருக்கும். மூடி போட்ட உலோக டப்பாவில் மணல் போட்டு அதில் செருகிவையுங்கள். கிளினிக்கைப் பூட்டுவதற்கு முன் டப்பா ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.