பழைய ஆப்டிமிஸ்ட் படகுக்கு வீட்டிலேயே புது பெயின்ட்

சிறுவர்கள் பாய்மரம் பழகும் மூக்கு வெட்டினாற்போன்ற குட்டிப் படகுதான் ஆப்டிமிஸ்ட். நீளம் 2.36 மீட்டர், வெற்று உடல் 35 கிலோ. கார் நிறுத்தும் இடமே பட்டறைக்குப் போதும். சென்னையில் இந்த வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் தோது. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள்.

பாய், கயிறு, சுக்கான், காற்றுப் பைகள் எல்லாம் கழற்றியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒழுகல். படகைப் பழைய கார் டயர்கள் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே சில குடம் தண்ணீர் ஊற்றி, அடியில் குனிந்து பாருங்கள். நடுவில் செருகும் பலகையின் கூடு அடித்தளத்தோடு சேரும் மூலையில்தான் பெரும்பாலும் கசியும். அங்கே குறி வைத்துக்கொண்டு, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்தது மெழுகு எடுப்பது. எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். பழைய பாலிஷில் இருக்கும் மெழுகும் சிலிக்கோனும், தேய்க்கத் தேய்க்கக் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு பெயின்ட் அடித்தால் மீன் கண் போலக் குழி குழியாக விலகும். மேலே இன்னொரு கோட் அடித்தாலும் மூடாது. பனியன் வேஸ்ட் இரண்டு எடுங்கள். ஒன்றில் தின்னர் நனைத்துத் துடைக்க, அது ஆவியாகும் முன்பே மற்றதால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் தேய்த்தால் மெழுகு இடம் மாறுமே தவிரப் போகாது. முடித்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி துடையுங்கள்.

விரிசலுக்கு ரெசினும் (இறுகிப்போகும் பிசின்) மேட்டும் (அந்த ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு). விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேயுங்கள், 3 மி.மீ. கனத்துக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 36 மி.மீ. சரிவு வேண்டும். நம்மூர் ஃபைபர் கடைகளில் ரெசின், அது இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் மூன்றையும் தனித்தனியாகத் தருவதுண்டு. கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கக்கூடும். நம் வெயிலுக்குக் கேட்டலிஸ்ட் ரெசினில் 1 சதவீதம் அளவில் போதும்.

தேய்க்க 80, 120, 220 எண் உப்புத்தாள் என்று ஏறுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், கண் சிமிட்டுவதற்குள் ஜெல்கோட்டை, அதாவது ஃபைபரின் மேல் இருக்கும் வழவழப்பான வெளிப் படலத்தை, குடைந்துவிடும். நீளக் கட்டையில் சுற்றிய உப்புத்தாள்தான் என் கட்சி. ஃபைபர் தூசு அரிக்கும், முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் கட்டாயம். தூசியைத் துடைத்துவிட்டு எபாக்ஸி ப்ரைமர் ஒரு கோட்.

மேல் பூச்சுக்கு டூ-பேக் பி.யூ. பெயின்ட் (பாலியூரிதேன்; பெயின்ட், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் என்று இரண்டு டப்பாவாக வரும், அடிக்கும்போது கலப்பது). வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. ஃபோம் ரோலரால் மெல்லிசாக உருட்டி, உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் லேசாக இழுத்தால் குமிழிகள் அடங்கிவிடும். இதற்கும் கையுறையும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் மாஸ்க்கும் வேண்டும். காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். இரவுப் பனி விழுவதற்குள் இறுகாவிட்டால் பளபளப்பு மங்கிப்போகும்.

அப்புறம், கார் பட்டி போடலாமா என்று சிலர் கேட்டார்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும்; எபாக்ஸி பட்டிதான் சரி. அடிப்பாகத்துக்குப் பாசி தடுக்கும் பெயின்ட் தேவையா என்றும் கேள்வி. கரையில் தூக்கி வைக்கும் படகுக்கு அது வீண் செலவு. போட்டிக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் மட்டும், பெயின்ட் கோட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி 35 கிலோதான் குறைந்தபட்ச எடை; அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு கிராமையும் உங்கள் பிள்ளைதான் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.