கார்ட்லெஸ் வாக்குவம் கிளீனர்: கொட்டுவது, கழுவுவது, காயவைப்பது

வாங்கிய புதிதில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பொட்டு அட்டையைக்கூட விடாமல் இழுத்த மெஷின், ஆறு மாதத்தில் முறுக்குத் தூளுக்கே மூச்சு வாங்கும். மோட்டார் போச்சு, பேட்டரி போச்சு என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடத் தோன்றும். பெரும்பாலும் இரண்டும் நன்றாகவே இருக்கும். அடைத்திருப்பது காற்று போகும் வழி.

அந்த வழி மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தரையில் ஓடும் தலைப்பகுதியில் நுழைகிற காற்று, நீளக் குழாயில் ஏறி, குப்பை சேரும் டஸ்ட் கப்புக்குள் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் கனமான குப்பை ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் கீழே விழுகிறது. மிச்சக் காற்று நடுவிலுள்ள சல்லடையையும், அதற்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரையும் தாண்டி மோட்டார் வழியாக வெளியேறுகிறது. மோட்டாரைக் குளிரவைப்பதும் இதே காற்றுதான். அதனால் எங்கே அடைத்தாலும் இழுவை குறையும், மோட்டாரும் சூடாகும்.

அடைப்பைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சத்தம் குறையாது, கூர்மையாகி ‘வீங்...’ என்று ஏறும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் மோட்டார் பாரமில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது. சில மாடல்களில் மோட்டார் விட்டுவிட்டு ஓடும். அது கோளாறு அல்ல, ‘மூச்சு முட்டுகிறது’ என்று மெஷின் சொல்லும் விதம்.

கொட்டுவது

கப்பில் ‘மேக்ஸ்’ என்று ஒரு கோடு இருக்கும். அதற்கு மேலே இன்னும் இடம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்த இடம் குப்பைக்கு அல்ல, காற்று சுழல்வதற்கு. கோட்டைத் தாண்டினால் குப்பை சல்லடைமேல் அப்பிக்கொள்ளும், பொடி நேராக ஃபில்டருக்குப் போகும். வாரத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைப்பதைவிட, வேலை முடிந்த கையோடு கொட்டுவது நல்லது. பிஸ்கட் தூளும் சோற்றுப் பருக்கையும் உள்ளே இருக்க, ராத்திரி சுவரில் மாட்டிவைத்தால், காலையில் எறும்புச் சாரை மெஷின்வரை வந்திருக்கும்.

முதலில் மெஷினை அணைத்து, குழாயைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாகக் கழலும் மாடல் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள், கை தவறி டிரிக்கரில் பட்டால் முகத்திலேயே தூசி அடிக்கும். கப்பை ஒரு பைக்குள் ஆழமாக இறக்கி, பையின் வாயைக் கப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு மூடியைத் திறக்க வேண்டும். திறந்ததும் வெளியே எடுக்காமல் அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தால் எழும்பிய தூசி பைக்குள்ளேயே அடங்கிவிடும். வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால் இதை பால்கனியில் செய்யுங்கள். குப்பைத்தொட்டிக்கு மேலே உயரத் தூக்கிப் பிடித்துத் திறப்பவர்கள், உறிஞ்சியதில் கால்வாசியைத் திரும்பக் கூடத்துக்கே தானம் செய்கிறார்கள்.

கொட்டியபின் சல்லடையைப் பாருங்கள். கொஞ்ச நாளில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை படர்ந்திருக்கும்; துணிப் பஞ்சும் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளித்துண்டு மாதிரி, நகத்தால் நெம்பினால் ஒரே உரியாக வரும். மிச்சத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கத்தி, ஊசி வேண்டாம். சல்லடையில் ஓட்டை பெரிதானால் அதன் வேலை முடிந்தது.

கப்பின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு மூடுங்கள். ஒரு கடுகு அந்த வளையத்தில் மாட்டிக்கொண்டாலே மூடி மயிரிழை இடைவெளி விடும். தலைப்பகுதியில் நுழைய வேண்டிய காற்று அந்த இடுக்கில் நுழையும், தரையில் இழுவை இருக்காது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கப்பை மாதம் ஒருமுறை தண்ணீரில் கழுவலாம். ஆனால் பிளாஸ்டிக் கப் மட்டும்தான். பல மாடல்களில் நடுவில் காற்றைச் சுழலவைக்கும் சைக்ளோன் பகுதியை நனைக்கக்கூடாது, அதற்கு உலர்ந்த துணிதான். மோட்டார் உள்ள கைப்பிடிப் பகுதியைக் குழாயடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஃபில்டர்

பராமரிப்பில் முக்கால்வாசி இதுதான். முதலில் உங்கள் ஃபில்டர் கழுவக்கூடியதா என்று பாருங்கள். கழுவலாம் என்றால் அதன்மேல் குழாய் அல்லது தண்ணீர்த் தொட்டியின் படம் இருக்கும். ஸ்பாஞ்ச் வகையைப் பெரும்பாலும் கழுவலாம். ஹெப்பா என்று விற்கும் மடிப்புத் தாள் ஃபில்டர்களில் பல தண்ணீர் பட்டால் பாழாகும். அவற்றைத் தட்டி, மென்மையான பிரஷால் மடிப்பின் திசையிலேயே தடவி, காலம் முடிந்ததும் மாற்ற வேண்டியதுதான்.

கழுவுவதற்கு முன் உலர்ந்த நிலையில் தட்டுங்கள். குப்பைத்தொட்டியின் விளிம்பில் மெதுவாகப் பத்துப் பதினைந்து தட்டு. இதை விட்டுவிட்டு நேராகத் தண்ணீரில் காட்டினால் உள்ளே இருக்கும் பொடி குழைந்து சேறாகி, ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் இறுகிவிடும். பிறகு குளிர்ந்த குழாய்த் தண்ணீரில், அழுக்கு ஏறிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நீரை விடுங்கள். ஸ்பாஞ்சை, இட்லியை அமுக்கிப் பார்ப்பது போல மெல்ல அழுத்தி விடலாம். துணி பிழிவது போல முறுக்கினால் கிழியும். சோப்பு, டிடர்ஜென்ட், வெந்நீர் எதுவும் வேண்டாம். சோப்பு முழுதாகப் போகாமல் தங்கினால் தூசி அதில் ஒட்டிக்கொண்டு முன்பைவிடச் சீக்கிரம் அடைக்கும். வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், நான்கைந்து முறையாவது ஆகும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், காய்ந்த ஃபில்டர்மேல் வெள்ளையாகப் பூக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு ஆர்ஓ தண்ணீர் எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை எடுக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

காயவைக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். குறைந்தது 24 மணி நேரம், காற்றோட்டமான நிழலில், தட்டையாகப் படுக்க வைக்காமல் இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி நிறுத்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் 48 மணி நேரம்கூட ஆகும். ஃபேனுக்குக் கீழே வைக்கலாம். ஹேர் டிரையர், மைக்ரோவேவ், அடுப்பங்கரை மேடை எதுவும் கூடாது, ஸ்பாஞ்சும் அதன் பிளாஸ்டிக் சட்டமும் வளைந்து, ஃபில்டர் தன் இடத்தில் சரியாக உட்காராது. வெளியே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் காயவில்லை. அரை ஈரத்தில் மாட்டினால் தூசி களிம்பாக ஒட்டும், இரண்டே நாளில் நாய் நனைந்த வாடை வரும், ஈரம் மோட்டார்வரையும் போகும். அந்த வாடைக்குக் கப்பில் கற்பூரமும் சென்ட்டும் போடுபவர்கள் உண்டு. அதனால் பயனில்லை, ஃபில்டரைத் திரும்பக் கழுவி முழுதாகக் காயவைப்பதுதான் வழி. ஒரு ஃபில்டர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால் இந்த அவசரமே வராது. இந்த மெஷினுக்குச் செய்யும் செலவில் உருப்படியானது இதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? சாதாரண வீட்டுக்கு மாதம் ஒன்று. ஆனால் கோலப்பொடி, விபூதி, முகப்பவுடர், மைதா, சுவரில் டிரில் போட்ட தூசி, பெயின்ட்டுக்கு முன் பட்டி தேய்த்த தூசி இவற்றை இழுத்தால் கணக்கு மாறும். இவை அவ்வளவு நுண்ணியவை என்பதால் சுழலும் காற்று இவற்றை ஓரத்துக்குத் தள்ள முடியாமல் நேராக ஃபில்டருக்கு விட்டுவிடும். பட்டி தேய்த்த ஒரு அறையை இழுத்தால் அன்றைக்கே ஃபில்டர் அடைத்துவிடும். அந்த வேலையை விளக்குமாற்றுக்கும் ஈரத்துணிக்கும் விட்டுவிடுவது நல்லது.

ரோலர்

நீள முடி உள்ள வீட்டில் ரோலரை, அதாவது தலைப்பகுதிக்குள் சுற்றும் பிரஷ் உருளையை, வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். தலைப்பகுதியின் பக்கத்தில் காசு போட்டுத் திருகும் பூட்டோ, நகர்த்தும் கொக்கியோ இருக்கும். ரோலரை வெளியே எடுத்து, அதன் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில் சின்னக் கத்தரியை விட்டு முடியை வெட்டிவிட்டால் தானாக அவிழும். நடுவில் சுற்றிய முடியைவிட இரண்டு நுனியிலும், பேரிங்கைச் சுற்றி இறுகிய முடிதான் ஆபத்து. அது உரசி உரசிச் சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை உருக்கும். ரோலர் நின்று நின்று சுற்றுகிறது, கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் நுனியைப் பாருங்கள். அடியிலுள்ள குட்டிச் சக்கரங்களிலும் முடி சுற்றும், சிக்கிய மணல் டைல்ஸில் கீறல் போடும்.

டைல்ஸுக்கு வரும் மென்மையான துணி ரோலரை, கையேடு அனுமதித்தால், தண்ணீரில் அலசி நிமிர்த்தி நிறுத்தி 24 மணி நேரம் காயவிடலாம். ரோலரைச் சுற்றும் மோட்டார் தலைப்பகுதிக்குள்ளேயே இருப்பதால், ரோலரைத் தவிர மற்றதை நனைக்கக்கூடாது. முடி எதுவும் இல்லாமலும் ரோலர் சுற்றவில்லை என்றால் குழாயின் இரு முனையிலும் உள்ள உலோகப் பின்களை உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். அங்கே தூசி படிந்தால் கரண்ட் தலைப்பகுதிக்குப் போகாது.

எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாவிட்டால், மெஷினைக் கப்போடு மட்டும் ஓட்டி, அது காற்றை இழுக்கும் வாயில் உள்ளங்கையை வையுங்கள். நன்றாக இழுத்தால் கோளாறு குழாயிலோ தலையிலோதான். பிறகு குழாயை மாட்டிப் பாருங்கள். குழாயில் அடைத்திருந்தால் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்கலாம். பெரும்பாலும் சாக்லேட் தாளோ, சாமி பூவின் காம்போ குறுக்கே நிற்கும். துடைப்பக் குச்சியின் மழுங்கிய பக்கத்தால் தள்ளுங்கள், கம்பி வேண்டாம்.

பேட்டரி

21.6 வோல்ட் என்றால் உள்ளே 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் வரிசையாக ஆறு, 25.2 வோல்ட் என்றால் ஏழு. இவை சூட்டுக்குப் பகை. அதிவேக மோடில் ஓட்டிச் சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக்கூடாது என்பதால், மேற்கு வெயில் அடிக்கும் சுவரிலோ அடுப்பு பக்கத்திலோ ஸ்டாண்டை மாட்டவும் வேண்டாம். ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் கழித்து வருவதென்றால், பாதி சார்ஜில் வைத்துப் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போங்கள். முழுதாக வற்றியபடி கிடந்தால் திரும்ப சார்ஜே ஏறாமல் போகலாம்.

‘40 நிமிடம் என்றார்கள், எட்டே நிமிடம்தான் வருகிறது’ என்ற புகாரில் பாதி, அதிவேக மோடிலேயே ஓட்டுவதால் வருவது. அந்த 40 நிமிடம் மிகக் குறைந்த வேகத்துக்கான கணக்கு. குறைந்த வேகத்திலும் நேரம் பாதியாகிவிட்டால்தான் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மெஷின் சூடாகித் தானாக நின்றிருந்தால் அது பாதுகாப்பு ஏற்பாடு, அடைப்பை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

தண்ணீர், மெழுகுவர்த்தி, கற்பூரத் தணல், அடுப்புச் சாம்பல், ஊசி, திருகாணி இவற்றை இழுக்கக்கூடாது. தீபாவளிக்கு மறுநாள் மாடியில் கிடக்கும் வெடிக் காகிதத்தையும் இழுக்காதீர்கள். வெடிக்காத பட்டாசின் மருந்து அதில் இருக்கும்.

மாற்று பேட்டரி வாங்கும்போது வோல்ட் அளவும் மாடல் எண்ணும் அச்சாகப் பொருந்த வேண்டும், சார்ஜரும் அதற்குரியதாகவே இருக்க வேண்டும். உப்பியதோ, இனிப்பு வாடை அடிப்பதோ ஆன பேட்டரியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிடுங்கள். பழையதை மாநகராட்சிக் குப்பையில் போடாதீர்கள், லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் செல்லோடேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்திலோ, தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.