மின்சாரக் கார் இன்சூரன்ஸ்: பிரீமியத்தைக் குறைக்கப்போய் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

மின்சாரக் காருக்கு முதல்முறை பிரீமியம் கேட்பவர்கள் பெரும்பாலும் அதிர்ந்துபோகிறார்கள். அதே அளவு பெட்ரோல் காரைவிடத் தொகை கூடுதலாக நிற்கும். உடனே எதையாவது வெட்டிக் குறைக்கப் பார்க்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. தொகை ஏன் ஏறியது என்று தெரிந்தால்தான் எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது புரியும்.

காப்பீட்டு நிறுவனம் போடும் கணக்கு எளிது: விபத்து எத்தனை முறை நடக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும். மின்சாரக் காரில் இரண்டாவதுதான் ஏறுகிறது. பல மாடல்களில் காரின் மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்கே போய்விடும். அந்தப் பேட்டரி காரின் தரைக்கு அடியில் பரந்து கிடக்கிறது. ஒரு கல் தட்டி உறையில் பள்ளம் விழுந்தால், உள்ளே செல்களுக்கு என்ன ஆனது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறையை மட்டும் மாற்றத் தயாரிப்பாளர் அனுமதிக்காத மாடல் என்றால், மாற்ற வேண்டியது முழுப் பேட்டரி. பழுதுச் செலவு காரின் சந்தை மதிப்பில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். கதவும் கண்ணாடியும் பளபளப்பாக இருக்கும் கார் கழிவுக்குப் போவது இப்படித்தான். அந்த இழப்பு எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறுகிறது.

கூலியும் கூடுதல். 400 அல்லது 800 வோல்ட் அமைப்பில் கைவைப்பதற்கு முன் உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டித்து, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். பேட்டரி அடிபட்டிருந்தால் தாமதமாகத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால், மற்ற வண்டிகள், கட்டடங்களிலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த இடத்துக்கும் வாடகை உண்டு. பெயின்ட் அடித்தபின் சூட்டறையில் உலர்த்துவதற்குக்கூட, பேட்டரி தாங்கும் வெப்ப வரம்பைப் பார்த்தாக வேண்டும்.

காரை புக் செய்துவிட்டு பிரீமியம் கேட்பது

பெரிய தவறு இதுதான். மற்றதையெல்லாம் பாலிசியில் சரிசெய்யலாம், தேர்ந்தெடுத்த காரை மாற்ற முடியாது. ஒரே மாடலில் ஒற்றை மோட்டார் வகைக்கும் இரட்டை மோட்டார் வகைக்கும் பிரீமியம் கணிசமாக வேறுபடலாம். எனவே, மனதில் உள்ள ஒவ்வொரு வகைக்கும் முன்பணம் கட்டும் முன்பே விலைப்புள்ளி வாங்குங்கள்.

கூடவே, ஷோரூமில் கேட்காமல் அதன் பாடி ஷாப்பில் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். பேட்டரியின் அடி உறையைத் தனியாக மாற்றுவீர்களா? பழுதான மாட்யூலை (செல்களின் ஒரு தொகுதியை) மட்டும் கழற்றி மாற்ற முடியுமா, அல்லது செல்கள் நேரடியாகப் பேட்டரிப் பேக்கில் ஒட்டப்பட்டு, பேக்கே காரின் சட்டகமாக இருக்கும் வடிவமைப்பா? பின்பகுதி ஒரே வார்ப்பில் செய்த அலுமினியம் என்றால், அது விரிசல் விட்டால் ஒரு துண்டை வெட்டி மாற்ற முறை உண்டா? பம்பர் வர எத்தனை வாரம் ஆகும்? மழுப்பலான பதில் வந்தால், அந்தக் காரின் பிரீமியம் வருங்காலத்திலும் இறங்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாரன்டி இருக்கிறதே என்று நம்புவது

பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகிறார்கள். கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனிப்போம் என்பதும் வழக்கமான வாசகம். இது தயாரிப்புக் குறைக்கும் அளவுமீறிய தேய்வுக்கும்தான். இடித்தால், வெள்ளத்தில் மூழ்கினால் வாரன்டி கைகொடுக்காது, அது இன்சூரன்ஸின் வேலை. வயதால் கொள்ளளவு குறைவதற்கு இன்சூரன்ஸும் தராது. ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றைக் குறைத்து எடுத்தவர்கள் விபத்து நாளன்று நடுவில் நிற்பார்கள்.

தவறான இடத்தில் வெட்டுவது

பிரீமியம் இறங்கட்டும் என்று காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும், பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பை நீக்குவதும் ஒரே வகைத் தப்பு. மின்சாரக் காரில் அரிதாக வரும் பெரிய இழப்புதான் பயப்பட வேண்டியது. வெட்டுவதானால் சிறிய இழப்பில் வெட்டுங்கள்: ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்கும் தொகையை உயர்த்தினால் பிரீமியம் குறையும். நாளையே கையிலிருந்து எடுத்துக் கட்ட முடிகிற அளவுதான் அதற்கு வரம்பு.

‘பேட்டரி அடங்கும்’ என்ற ஒரு வரியையும் அப்படியே நம்ப வேண்டாம். சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் எகிறிக் கெட்டால் தருவார்களா, ‘மின்பழுது’ என்று ஒதுக்குவார்களா? சுவரில் பொருத்திய சார்ஜரும் கேபிளும் கார் பாலிசியில் சேருமா, வீட்டுப் பாலிசியிலா? பேட்டரி வாடகைக்கு எடுத்தது என்றால் அதன் உரிமையாளர் பெயர் பாலிசியில் இருக்கிறதா? பேட்டரி மாற்றும்போது தேய்மானம் கழிப்பார்களா, எத்தனை சதவீதம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் ‘எல்லாம் கவர் ஆகும் சார்’ என்பதற்கு மதிப்பில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பேட்டரியின் ஐபி67 தரம் என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் சோதனை. அது புதிய, அடிபடாத உறையில், அசையாத நீரில் செய்வது. அதைக் காட்டி வெள்ளத்துக்குள் ஓட்டினால், தெரிந்தே ஆபத்தில் இறங்கியதாகச் சொல்லி க்ளெய்மை மறுக்க இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது

பெரிய சக்கரம் போட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பலருக்குத் தெரியும். காசு கட்டி சாஃப்ட்வேர் மூலம் வேகத்தைக் கூட்டினாலும் அது மாற்றம்தான். வண்டியின் திறன் மாறிவிட்டது, பதிவும் தயாரிப்பாளரின் சர்வரில் இருக்கிறது. வாடகைக்கு ஓட்டத் தொடங்கினாலும் அப்படியே.

அடியில் தட்டிய பிறகு செய்யும் தவறுகள்

வேகத்தடையிலோ கல்லிலோ அடி பலமாக உரசினால், ‘ஓடுகிறதே’ என்று பலர் தொடர்ந்து ஓட்டுகிறார்கள். மூன்று வாரம் கழித்து எச்சரிக்கை விளக்கு எரியும்போது, பழைய அடிக்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பு இருப்பதை நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஓட்டியதால் சேதம் பெருகியது என்று தொகையையும் குறைக்கலாம்.

நிறுத்திப் பாருங்கள். புகை, சீறல், இனிப்பான கரைப்பான் வாசனை, கூலன்ட் கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லோரும் விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லையென்றால் இடம், தட்டிய பொருள், திரையில் வந்த எச்சரிக்கை, அடிப்பகுதி எல்லாவற்றையும் நேரத்தோடு படம் எடுங்கள். அதற்காக ஜாக்கி போட்டுத் தூக்காதீர்கள். பேட்டரி உறையில் ஜாக்கி பதிந்தால் அது இன்னொரு சேதம். அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். இழுத்துச் செல்ல நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டிதான் வேண்டும். சக்கரம் தரையில் உருண்டால் நிரந்தரக் காந்த மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரைக் கெடுக்கக்கூடும்.

சர்வீஸ் சென்டரில் ‘பேட்டரி மாற்ற வேண்டும்’ என்ற வாய்ச்சொல் போதாது. பிழைக் குறியீடுகளின் பட்டியல், காப்பு மின்தடை அளவு (உயர் மின்னழுத்தம் காரின் உடலுக்குக் கசிகிறதா என்று காட்டுவது), கூலன்ட் அழுத்தச் சோதனை முடிவு, உறைப் பள்ளத்தின் ஆழம், இத்தனை ஆழத்துக்கு மேல் மாற்ற வேண்டும் என்கிற தயாரிப்பாளரின் வரையறை, இவற்றை எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் இவற்றைத்தான் தேடுவார். சில சமயம் வரையறைக்குள் இருக்கும் பள்ளத்துக்கே முழுப் பேட்டரிக்கு மதிப்பீடு போடுவார்கள், இந்தத் தாள்கள் இருந்தால் அது வெளிப்பட்டுவிடும்.

முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் உள்ள ஓட்டுநர் உதவிக் கேமராவை மறுஅளவீடு செய்த கட்டணமும் மதிப்பீட்டில் இருக்கிறதா பாருங்கள். ஏர்பேக் வெடித்திருந்தால், உயர் மின்னழுத்த இணைப்பை வெடித்துத் துண்டிக்கும் பைரோ ஃப்யூஸும் சேர்ந்து போயிருக்கலாம், அதுவும் பட்டியலில் வர வேண்டும்.

கடனில் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. பல மின்சாரக் கார்களின் மறுவிற்பனை மதிப்பு முதல் சில ஆண்டுகளில் வேகமாக இறங்குகிறது. டோட்டல் லாஸ் ஆனால் கிடைப்பது அன்றைய மதிப்பு, வங்கி கேட்பது மீதிக் கடன். இரண்டுக்கும் இடையிலான தொகையை ஈடுகட்டும் ஆட்-ஆன் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பு) முதல் சில ஆண்டுகளுக்கு வேண்டும். கடன் பாக்கி கார் மதிப்புக்குக் கீழே வந்த ஆண்டு, புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிடலாம்.